குழம்புக்குக் கொடுத்தது

அய்யம்மாளைப் பற்றி ஆமத்தூர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் முதலில் அவள் வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிறவள். ஒன்பது வயதில் தீப்பெட்டி ஒட்ட உட்கார்ந்து, முப்பத்தெட்டு வயதுக்குள் மூன்று போர்மேன்களோடு சண்டை போட்டு மூன்று கம்பெனி மாறியவள். அதில் ஒருத்தனிடம் சாப்பாட்டு மணியை ஐந்து நிமிடம் தள்ளி அடித்தான் என்பதற்காகச் சண்டை. எல்லாம் உண்மைதான். ஆனால் அவள் வாயைத் திறக்காமல் நின்ற நாட்கள் இரண்டு உண்டு. ஊர் அதைச் சொல்லாது. அதனால் நான் சொல்கிறேன்.

முதல் நாள், 2006 தை மாதக் கடைசி. காலை ஆறு மணி. அச்சங்குளம் கம்பெனி வேனுக்காகப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் தூக்குச்சட்டியோடு மேலத்தெரு முனை வேப்பமரத்தடியில் நின்றார்கள். அந்த முனையில்தான் ஒச்சப்பன் வீடு. பருத்தியும் மிளகாயும் போடுகிற பெரிய சம்சாரி. அய்யம்மாளின் அப்பன் அவருடைய காட்டில்தான் காலமெல்லாம் பாடுபட்டு முதுகு வளைந்து செத்தான். கம்பெனி வேன் ஊருக்குள் வந்த பிறகு அய்யம்மாள் ஒரு நாள்கூட அந்தக் காட்டில் மிளகாய் பறிக்கப் போனதில்லை. ஒச்சப்பனுக்கு அது இன்னும் ஆறாத புண்.

அன்றைக்கு அவர் கையில் ஒரு சாக்குப்பையோடு வெளியே வந்தார். பைக்குள் ஏதோ நெளிந்தது.

"ஏ அய்யம்மா, இங்கன வா. இதக் கொண்டு போ."

"என்னய்யா அது?"

"உடும்பு. மெட்ராஸ்ல இருந்து எம்மகன் பேத்திக்கு வெளையாட வாங்கியாந்தான். வாடகை வீட்டுக்காரன் கூடாதுன்னுட்டானாம், இங்கன விட்டுட்டுப் போயிட்டான். வீட்டுக்குள்ள உடும்பு நொளஞ்சா குடும்பத்துக்கு ஆகாதுன்னு எம்பொண்டாட்டி இருளம்மா ஒப்பாரி வைக்கிறா. உங்க ஆளுகளுக்குத்தான் இதுன்னா உசுராச்சே. கொளம்பு வச்சுத் திண்ணுங்க."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அவர் வீட்டு வேலைக்காரன் சிரித்தான். வேனுக்கு நின்ற பெண்களிலும் ரெண்டு பேர் பல்லைக் காட்டினார்கள். அய்யம்மாள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு வேனில் ஏறாமல் வீட்டுக்குத் திரும்பி நடந்தாள். நடக்க நடக்கத்தான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது வரிசையாக வாய்க்கு வந்தது. வந்து என்ன பிரயோசனம்?

வீட்டில் புருஷன் நாகையா பையை எட்டிப் பார்த்ததுமே அரிவாள்மனையை எடுத்துக் கழுவினான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. உடும்புக்கறி தின்று எத்தனையோ காலமாயிற்று. அய்யம்மாளுக்கும் அது பிடிக்கும். மிளகைத் தட்டிப் போட்டு அப்பன் வைத்த குழம்பின் ருசி அவள் நாக்கில் இன்னும் இருந்தது.

"அரிவாமனைய வையி" என்றாள்.

"ஏம் புள்ள?"

"நாம திங்கலாம். நம்ம புடிச்சா திங்கலாம். அந்தாளு தின்னுன்னு சொன்னதுக்கு நான் ஏன் திங்கணும்? இது வளரும். அந்த வீட்டு வாசல்ல இருந்து பாத்தா தெரியுற அளவுக்கு வளரும்."

நாகையாவுக்கு அப்போது வந்த கோபம் ஒரு வருஷம் தீரவில்லை.

இப்படித்தான் அந்தப் பிராணி அய்யம்மாள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. இரக்கத்தினால் அல்ல, பிரியத்தினால் அல்ல; முழுக்க முழுக்க வீம்பு. ஒரு முழத்துக்கும் கொஞ்சம் குறைவான நீளம். வாழைக்குருத்து நிறம். முதுகு நெடுக முள் வரிசை, தாடைக்குக் கீழே தொங்கும் தோல். கிட்டே போனால் அந்தத் தோலை விரித்துத் தலையை மேலும் கீழும் ஆட்டும். அது அவளைத் திட்டுகிறது என்றே அய்யம்மாள் எடுத்துக்கொண்டாள், இவளும் பதிலுக்குத் திட்டினாள்.

உடும்பு என்றால் முட்டை என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது. மகள் இசைவாணிக்கு வைத்திருந்த நாட்டுக்கோழி முட்டையை உடைத்து ஊற்றினாள். திரும்பிப் பார்க்கவில்லை. வெட்டுக்கிளி பிடித்துப் போட்டாள், கருவாட்டைப் போட்டாள். ஐந்து நாள் பட்டினி. இடுப்பெலும்பு தோலைத் தள்ளிக்கொண்டு தெரிந்தது. "சாகப் போறத இப்பவே அறுத்தா கறியாவது மிஞ்சும்" என்றான் நாகையா. செத்துத் தொலைந்தால் ஒச்சப்பனுக்கு அதைவிடச் சந்தோஷம் ஏது என்று நினைத்தபோது அவளுக்கு வயிறு எரிந்தது.

ஆறாம் நாள் பக்கத்து வீட்டு ஆட்டுக்குக் கட்டியிருந்த அகத்திக்கொப்பில் பாதியைக் காணோம். ஆட்டுக்காரி தெருவைக் கூட்டிவிட்டாள். கூரைமேல் இது உட்கார்ந்து தாடையில் பச்சை ஒழுக மென்றுகொண்டிருந்தது. உடும்பு கீரை தின்னுமா? தெருவே ஏதோ கெட்ட சகுனம்போலப் பார்த்தது.

இசைவாணி அப்போது திருத்தங்கலில் பதினொன்றாம் வகுப்பு படித்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் சிவகாசிக்குப் பஸ் ஏறி, பிரவுசிங் சென்டரில் அரை மணி நேரம் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள்.

"எம்மா, இது உடும்பே இல்ல. இக்வானா. வெளிநாட்டுல மரத்துல இருக்குறது. கறியும் முட்டையும் ஆகாதாம், கொடுத்தா செத்துப்போகுமாம். எல, பூ, பழந்தான். வெயில் நல்லா வேணுமாம்."

"வெயிலுக்கா இங்கன பஞ்சம்?"

"இன்னொண்ணு. வாலப் புடிக்கவே கூடாதாம். உடும்பு மாதிரி கெடையாது. அழுத்திப் புடிச்சா வால் கழண்டு வந்துருமாம்."

"அப்ப பல்லின்னு சொல்லு" என்றான் நாகையா வாசலிலிருந்து. "பல்லிக்குச் சோறு போடுறதுக்குத்தான் நான் லோடு தூக்குறேனாக்கும்."

அன்றிலிருந்து அய்யம்மாளின் பொழுது மாறிப்போனது. வேனை விட்டு இறங்கினால் முருங்கைக் கீரை உருவப் போவாள். மறுக்கிறவர்களிடம் சண்டை போட்டு உருவுவாள். செம்பருத்திப் பூவை அம்மன் கோயில் செடியிலேயே பறித்தாள். பூசாரி வைததைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சரம் பின்னிய கையில் பட்டாசு மருந்தின் வெள்ளிப் பொடி அப்பியிருக்கும். அந்தக் கையோடு சோறு தின்றே முப்பது வருஷம் ஓட்டியவள், இதற்கு இலை வைக்கும் முன் மட்டும் சீயக்காய் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவினாள். "எனக்குச் சோறு போடுறப்ப ஒரு நாளாவது இப்படிக் களுவியிருப்பியா?" என்று நாகையா கேட்டான். அவன் கேட்டது நியாயம்தான்.

இத்தனை செய்தும் அது அவளோடு ஒட்டவில்லை. பக்கத்தில் போனால் வாலால் வீசி அடிக்கும். சாட்டைபோல விழும். அவள் முன்கையில் தழும்பு தழும்பாகக் கிடந்தது. "நன்றி கெட்ட நாயே" என்று ஒரு பல்லியைத் திட்டியது எனக்குத் தெரிந்து அவள் ஒருத்திதான். அதற்கு அவளைப் பிடிக்காது, அவளுக்கு அதைப் பிடிக்காது. ஆனால் மார்கழிப் பனியில் மட்டும் தன் பழைய சேலையை மடித்து அடுப்போரம் போட்டாள். கேட்டால், செத்தால் ஒச்சப்பன் சிரிப்பான் என்பாள்.

ஒச்சப்பன் சிரிப்பதை நிறுத்தவே இல்லை. தினமும் காலையில் வேப்பமரத்தடியில் பல் குச்சியோடு வந்து நிற்பார்.

"என்ன அய்யம்மா, இன்னும் கொளம்பு கொதிக்கலையா? கொளுக்க வச்சுத்தான் திங்கப் போறீகளாக்கும்?"

வேன் வரும் வரைக்கும் அதே பேச்சு. அவள் என்ன திருப்பிச் சொன்னாலும் அவர் சிரிப்பில் அமுங்கிப்போகும். ஒரு வருஷம், தினமும்.

அந்த ஒரு வருஷத்தில் அது இரண்டரை முழம் வளர்ந்தது. காலை வெயிலில் அவள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் நீண்டு படுத்தால், அவள் சொன்னபடியே, மேலத்தெரு முனையிலிருந்தே தெரிந்தது.

மறு வருஷம் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒச்சப்பன் அய்யம்மாள் இருக்கிற கீழத்தெருவுக்குள் வந்தார். அந்தத் தெருவில் அவர் கால் பட்டது அதற்கு முன் ஓட்டுக் கேட்க வந்த ஒரு தடவைதான். கூடவே சங்கிலிமுத்து. காட்டில் உடும்பு பிடிப்பதில் பெயர் எடுத்தவன். கையில் சாக்குப்பை. அய்யம்மாளுக்குப் பையைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. கண் பயத்தோடு கூரைக்குப் போனது. இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே ஆச்சரியம்.

"அய்யம்மா, பேத்தி அளகுமீனா பொங்கலுக்கு வருது. போன்ல தெனமும் அந்தப் பேச்சுத்தான். நானும் தோட்டத்துல வச்சு வளக்குறேன்னு சொல்லிட்டேன். எடுத்துக் குடு."

"குடுத்தது குடுத்ததுதான்யா. தரமாட்டேன்."

"திங்கத்தான குடுத்தேன். வளக்கவா குடுத்தேன்? நீ திங்கலைன்னா அது எம்பொருள்தான?"

தெருவே கூடிவிட்டது. அவர் குரலை இறக்கினார். "உடும்பு வச்சிருக்கன்னு பாரஸ்ட்டுக்கு ஒரு போன் போட்டா போதும். உம்புருசன் கம்பி எண்ணுவான். பாத்துக்க."

"அது உடும்பே இல்ல" என்றாள் இசைவாணி.

"அத ஜீப்புல ஏத்துனப்பறம் சொல்லு தாயி."

நாகையா முகம் வெளுத்து நின்றான். கூரையில் அது கண்ணை மூடி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. வால் மட்டும் ஓரத்துக்கு வெளியே கைக்கு எட்டுகிற உயரத்தில் தொங்கியது. சங்கிலிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிட்டே போனான். உடும்பைப் பிடிக்கிறவன் வாலைத்தான் பிடிப்பான். வாலைப் பிடித்துச் சுழற்றினால் உடும்பு கடிக்காது. இருபது வருஷத் தொழில். கை தானாக வாலுக்குப் போனது.

"அண்ணே, வால..." என்று இசைவாணி வாயெடுத்தாள்.

அய்யம்மாள் மகளின் கையைப் பிடித்து இறுக்கினாள். வளையல் நசுங்குகிற அளவுக்கு இறுக்கினாள். அவள் வாயைத் திறக்காத இரண்டாவது நாள் அதுதான். முதல் நாள் சொல் வரவில்லை. இந்த முறை சொல் நாக்கு நுனியில் இருந்தது, பற்களைக் கடித்து உள்ளேயே வைத்துக்கொண்டாள்.

சங்கிலிமுத்து எட்டிப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தான். முறுக்கு ஒடிகிற சத்தம். அது கூரையிலிருந்து விழுந்து விறகுக்குவியலுக்குள் ஓடி மறைந்தது. அவன் கையில் ஒன்றரை முழ வால் தனியாகத் துடித்தது. ஐயோ என்று உதறினான். அது மண்ணில் விழுந்து, உயிருள்ளது மாதிரி ஒச்சப்பன் காலடிவரை துள்ளிப் போனது. மனிதர் நாலு அடி பின்னால் தாவிச் சாக்கடையில் ஒரு காலை விட்டார்.

"மூளியாப் போச்சேய்யா" என்றான் சங்கிலிமுத்து. "நல்ல நாளும் அதுவுமா மூளிய வீட்டுக்குள்ள கொண்டு போகவா? இருளம்மா ஆத்தா என்னைய வெட்டிப் போட்ரும்."

ஒச்சப்பன் சாக்கடையிலிருந்து காலை மட்டும் உருவினார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

அய்யம்மாள் முன்னால் போனாள். துடிப்பு அடங்காத வாலைக் குனிந்து எடுத்தாள். சங்கிலிமுத்து கீழே போட்டிருந்த சாக்குப்பைக்குள் அதைப் போட்டு வாயைச் சுருட்டி, அவருக்கு நேரே நீட்டினாள்.

"இந்தாங்கய்யா. கொளம்பு வச்சுச் சாப்புடுங்க."

கீழத்தெரு அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! ஒரு வருஷமாக அவளோடு பேசாத ஆட்டுக்காரிகூட முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். நாகையா சிரித்தான். ஒச்சப்பன் ஒரு கால் செருப்பைச் சாக்கடையிலேயே விட்டுவிட்டு நடந்தார். அதற்குப் பிறகு வேன் வருகிற நேரத்தில் அவர் வேப்பமரத்தடிக்கு வந்ததே இல்லை. பேத்தியிடம் என்ன பொய் சொன்னாரோ, தெரியாது.

ஊர் கதையை இங்கேயே முடித்துவிடும். கூட்டம் கலைந்த பிறகு நடந்ததை இசைவாணி மட்டும்தான் பார்த்தாள்.

அய்யம்மாள் கையைச் சீயக்காய் போட்டுக் கழுவினாள். மஞ்சளைக் குழைத்து எடுத்துக்கொண்டு விறகை ஒவ்வொன்றாக விலக்கினாள். கடைசி மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. பச்சை நிறம் கறுத்துப் போயிருந்தது. பின்பக்கம் சிவப்பாக ஒரு மொட்டை. மஞ்சளோடு அவள் கையை நீட்டியதும், வழக்கம்போல அடிப்பதற்காக இடுப்பை வளைத்து வீசியது. வீசியதில் ஒன்றும் இல்லை. அந்த மொட்டை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. அதற்கு விளங்கவில்லை. மறுபடியும் வீசியது. மறுபடியும்.

அய்யம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தழும்பேறிய முன்கையை அதற்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். சண்டையில் மட்டும் எழும்பிப் பழகிய அந்தக் குரல் உடைந்து வந்தது.

"கடிச்சாவது வையி. நான் சொல்லியிருக்கணும்."

அது கடிக்கவில்லை. அவள் மஞ்சளைப் பூசி முடிக்கிறவரை அசையாமல் கிடந்தது.