பாப்பா எப்போது இந்தியாவுக்கு வந்தது?

சத்தியவேட்டில் எங்கள் வீட்டு மாடியில் சில வருஷங்கள் ஒரு கொரியக் குடும்பம் குடியிருந்தது. பக்கத்துத் தொழிற்பேட்டைக்குப் புதிது புதிதாகக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த சமயம். அவற்றில் ஒன்றில் அந்தக் கொரியருக்கு இயந்திரங்களைப் பொருத்தும் வேலை. முதலில் தனியாகத்தான் வந்தார். பெட்டியோடு அவர் மாடி ஏறிய அன்றே, வெளிநாட்டுக்காரரை வீட்டில் வைத்தால் உடனே கம்ப்யூட்டரில் பதிய வேண்டும் என்று போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்துவிட்டது. என் கணவர் நெட் சென்டரில் போய் உட்கார்ந்தார். பாஸ்போர்ட் எண், விசா எண், எந்த விமான நிலையத்தில் இறங்கினார், எப்போது திரும்புவார், எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"பொண்ணு குடுக்கறதுக்குக்கூட இவ்ளோ விசாரிக்க மாட்டாங்க" என்று சிரித்துக்கொண்டே வந்தார்.

அடுத்த வருஷம் அவருடைய மனைவி வந்து சேர்ந்தாள். கணவரின் வேலை விசாவைச் சார்ந்து அவளுக்கும் ஒரு விசா. இங்கே இருக்கலாம், வேலை பார்க்கக் கூடாது. அதனால் அவளுக்குப் பகல் முழுவதும் நான்தான் துணை. எனக்கு அவள் மொழி தெரியாது, அவளுக்கு என் மொழி தெரியாது. போனில் அவள் பேசினால் அது தமிழில் சொல்லும். பாதி நேரம் தப்பாகச் சொல்லும். "அக்கா, உன் தலை கொதிக்கிறது" என்று ஒருநாள் சொன்னது. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. அப்படியே சிரித்துச் சிரித்துத்தான் நாங்கள் நெருங்கினோம்.

அவள் உண்டானபோது பிரசவத்துக்கு ஊருக்குப் போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. நான்தான் முதலில் கையில் வாங்கினேன். வீட்டுக்கு வந்த பிறகு அவளுக்கு இரண்டு பத்தியம் நடந்தது. அவள் கணவர், ஊரிலிருந்து வந்த காய்ந்த கடல்பாசியை ஊறவைத்து சூப் வைப்பார். நான் பூண்டுக் குழம்பும் பால்சுறாக் கருவாடும் செய்து மாடிக்கு எடுத்துப் போவேன். அவள் இரண்டையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

"நல்லா துன்னுது பாரு" என்று என் கணவருக்கு ஒரே சந்தோஷம்.

குழந்தைக்குத் தலை நிற்கத் தொடங்கியபோது அவள் கணவருடைய வேலை முடிந்துவிட்டது. கம்பெனி ஊருக்குத் திரும்பச் சொன்னது. சென்னையிலுள்ள அவர்கள் தூதரக அலுவலகத்தில் குழந்தைக்குப் பாஸ்போர்ட் வாங்கினார்கள், டிக்கெட் எடுத்தார்கள், பெட்டி கட்டினார்கள். அப்போதுதான் டிக்கெட் போட்டுக்கொடுத்த ஏஜெண்ட் கேட்டார், குழந்தையின் விசா எங்கே என்று. இந்த நாட்டுக்குள் ஒருநாளும் நுழையாத குழந்தைக்கு விசா எங்கிருந்து வரும்? ஆனால் விசா இல்லாத வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டோடு விமான நிலையம் போனால் விட மாட்டார்களாம். வெளியே போவதற்கென்று தனியாக அனுமதி வாங்க வேண்டுமாம். அதுவரைக்கும் அந்தக் குழந்தையால் முறைப்படி இங்கே இருக்கவும் முடியாது, போகவும் முடியாது.

டிக்கெட்டைத் தள்ளிப்போட்டு இணையதளத்தில் விண்ணப்பித்தார்கள். நாள்தான் போனது, பதில் வரவில்லை. நேரில் கேட்டால்தான் வேலை ஆகும் என்றார் என் கணவர். எங்கள் ஊரைச் சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டத்துக்கு மாற்றிய புதிது அது. அவருக்கோ கலெக்டர் ஆபீஸ், எஸ்.பி. ஆபீஸ் என்றால் சித்தூர்தான். குழந்தையையும் தூக்கிக்கொண்டு எல்லோரும் காரில் சித்தூர் போனோம். அங்கே இருந்த அதிகாரி காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இது இப்ப திருப்பதி ஜில்லாங்க. இங்க ஒண்ணும் ஆவாது" என்று திருப்பிக் கொடுத்தார்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இவ்ளோ தூரம் வந்துட்டோம், புள்ளையாரயாவது பாத்துட்டுப் போலாம்" என்று காணிப்பாக்கத்துக்கு அழைத்துப் போனேன். கோயிலில் குழந்தையின் நெற்றியில் குங்குமம் வைத்தார்கள். அது தும்மியது. அன்றைக்கு அவள் முதல்முறையாகச் சிரித்தது அப்போதுதான்.

திருப்பதியில் போய்ச் சொல்லி வந்த மறுவாரம் விசாரணைக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். தெலுங்கில் ஆரம்பித்தவர், நாங்கள் பேசுவதைக் கேட்டுத் தமிழுக்கு மாறினார்.

"பாப்பா எப்பம்மா இந்தியாவுக்கு வந்துச்சு?"

"வரலைங்க சார். இங்கியே திருப்பதில பொறந்துச்சு."

"அது சரி. வந்த தேதின்னு ஒரு கேள்வி இருக்குதே. எந்த ஏர்போர்ட்டுன்னு வேற கேட்டுக்கினு இருக்குது."

"ஆஸ்பத்திரின்னு போட்டுக்குங்க சார்" என்றார் என் கணவர்.

போலீஸ்காரர் சிரித்துவிட்டார். மேலதிகாரிக்குப் போன் செய்து கேட்டு ஏதோ எழுதிக்கொண்டார். குழந்தையை நேரில் பார்க்க வேண்டும் என்றார். அது தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்ப வேண்டாம் என்று டீ குடித்தபடி காத்திருந்தார்.

"எங்க அண்ணன் குவைத்துல டிரைவருங்க. கொஞ்ச வருசம் அண்ணியும் அங்கதான் இருந்தாங்க. அவங்களுக்கு அங்க கொயந்த பொறந்தப்பவும் இதே கததான். பொறந்தது அங்கதான், ஆனா அங்க தங்கறதுக்கு அதுக்கும் இக்காமான்னு பர்மிட் அடிக்கணும்னுட்டான். கொயந்தைக்கு இன்னா தெரியும், பாவம்" என்றார்.

குழந்தை விழித்ததும் ஒருமுறை தூக்கிப் பார்த்தார். போய்விட்டார்.

அதன் பிறகும் அனுமதி உடனே வரவில்லை. இப்போது நினைத்தால் அந்த நாட்கள்தான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கின்றன. சாமான்களையெல்லாம் முன்பே அனுப்பிவிட்டதால் மாடி காலியாக இருந்தது. மூன்று பேரும் கீழே எங்களோடுதான் சாப்பிட்டார்கள். காலையில் காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் குளிப்பாட்டுவேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் எடுத்துக் கொடுப்பாள். சாம்பிராணி காட்டினால் குழந்தை புகையைப் பிடிக்கப் பார்க்கும். அவர் என் கணவரோடு மாந்தோப்புக்குப் போய் வெயிலில் கறுத்து வருவார். தெருவில் பழைய ஆட்களாகிவிட்டார்கள். அவள் கடைக்குப் போனால், "இன்னாம்மா, பேப்பர் வந்துச்சா?" என்று எல்லோரும் கேட்பார்கள். அவளும் "இன்னும் வரல" என்று தமிழிலேயே சொல்லப் பழகிவிட்டாள்.

கடைசியில் வந்தது. சென்னை விமான நிலையம் வரைக்கும் கூடப் போனோம். வாசலுக்கு மேல் எங்களை விடவில்லை. குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். குடியுரிமைச் சோதனை தாண்டியதும் அவள் போன் செய்தாள். "அக்கா, விட்டாங்க" என்றாள். உடனே வைத்துவிட்டாள். திரும்பி வரும்போது புத்தூரைத் தாண்டும் வரைக்கும்... இல்லை, அந்த வழியில் புத்தூரே வராது. எந்த வழியாக வந்தோம் என்றுகூட எனக்கு நினைவில்லை.

போன வாரம் வீடியோவில் பேசினாள். குழந்தை மழலையர் பள்ளிக்குப் போகிறது. வகுப்பில் உலகப் படத்தில் அவரவர் பிறந்த ஊரில் பொட்டு ஒட்டச் சொன்னார்களாம். இவள் பொட்டு மட்டும் தனியாக இங்கே ஒட்டியிருக்கிறதாம். மாம்பழ நாளில் வருவதற்கு மூன்று பேருக்கும் சுற்றுலா விசாவுக்கு எழுதிப்போட்டிருக்கிறார்கள். குழந்தை நடுவில் புகுந்து ஏதோ கேட்டது. அம்மா சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னாள்:

"அக்கா, அவ கேக்கறா. பொறந்த ஊருக்கு வர்றதுக்கும் விசா வேணுமான்னு."

"வேணுமாம் கண்ணு, வாங்கிக்கினு வா" என்றேன். போன் அதைக் கொரிய மொழியில் எப்படிச் சொன்னதோ தெரியவில்லை. குழந்தை தலையை ஆட்டியது.