துண்டு ஆட்டிக்கொண்டு வந்தவள்

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன், ஐந்தும் நன்றாக இருக்கின்றன. சித்தாள் வேலை செய்த காலத்தில் சுடுகாட்டுச் சுவரை ஒட்டித்தான் தினமும் தனியாக வீடு திரும்புவேன், ஒரு பயமும் கிடையாது. பேய், காற்று, கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால், "போய் வேலையப் பாருங்கடி" என்று விரட்டிவிடுவேன். அப்படிப்பட்டவள் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள். எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும். பேத்தி காவ்யா எழுதுகிறாள், சொல்வது முழுக்க நான்தான்.

போன ஆயுத பூஜைக்கு மறுநாள். பொம்மனஹள்ளியில் மகள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, சின்ன மகன் முனிராஜின் வண்டியில் நீலசந்திராவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். காவ்யாவின் அப்பா அவன். புது பைக். பூஜையன்று அதைக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஜோடித்திருந்தான். முன்னால் இரண்டு வாழைக்கன்று, விளக்குகளின் மேலெல்லாம் கெட்டியாகச் சந்தனம் குங்குமம், பின்னால் என் கைப் பருமனுக்கு ஒரு செண்டுப்பூ மாலை. பூஜைக்குக் கட்டியதைத் தானாக உதிரும் வரை கழற்றக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம், எங்கள் தெரு முழுக்கவே அப்படித்தான்.

கிளம்பும்போது தூறல்தான். சில்க் போர்டு சிக்னல் தாண்டுவதற்குள் கொட்ட ஆரம்பித்துவிட்டது. சாயங்காலம்தான், ஆனால் வானம் அடைத்துக்கொண்டு எதுவும் தெரியவில்லை. அவன் போட்டிருந்தது கறுப்பு மழைக்கோட்டு, நான் கருநீலப் புடவை, கால் இரண்டையும் இடது பக்கம் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பஸ் வந்தது பாருங்கள், அதன் சூடு என் முழங்காலில் பட்டது, அவ்வளவு கிட்டத்தில் உரசிக்கொண்டு போனது. அது போவதற்குள் ஒரு கார், கடைசி நிமிஷத்தில் பிரேக் போட்டு ஆரன் அடிக்கிறான். ரோட்டில் நாங்கள் இல்லவே இல்லை என்பது போல வருகிறார்கள்.

"என்னடா இது, யாரு கண்ணுக்கும் நாம தெரியலையா?"

"மழைம்மா. கெட்டியாப் புடிச்சிக்க. திரும்பித் திரும்பிப் பாக்காத, வண்டி ஆடுது."

எனக்கு என்ன, வாழ்ந்து முடித்தவள். இவனுக்கு ஒன்று ஆகிவிட்டால் காவ்யா என்ன ஆவாள், அது ஒன்றுதான் நெஞ்சில் இடித்துக்கொண்டே இருந்தது. பின்னால் ஒரு லாரி உறுமிக்கொண்டு நெருங்குவது கேட்டது. கண்ணை மூடிக்கொண்டேன். லாரி இடிக்கவில்லை, முந்தவும் இல்லை, தூரமாகவே ஊர்ந்து வந்தது. கண்ணைத் திறந்தால் எல்லா வண்டியும் எங்களை விட்டு விலகிப் போகிறது, ஊர்வலத்துக்கு வழி விடுவது போல. முனிராஜ் மட்டும், "வண்டி ஏம்மா இவ்ளோ கனமா இருக்கு?" என்றான்.

மடிவாளா சிக்னலில் டிராபிக் போலீஸ்காரர் எங்களை ஓரம் கட்டினார். "ஏனம்மா, ட்ரிபிள்ஸா? இன்னொப்ரு எல்லி?" என்றார். மூன்று பேர் வந்தீர்களே, இன்னொருத்தர் எங்கே என்று கன்னடத்தில் கேட்கிறார்.

"இப்ரே சார், நானும் எங்கம்மாவும்தான்," என்று பதறினான் இவன். அவர் நம்பவில்லை, குனிந்து, எங்களுக்குப் பின்னால் வந்து நின்ற அந்த லாரிக்கு அடியிலெல்லாம் பார்க்கிறார்.

அதற்குள் லாரி டிரைவர் தலையை வெளியே நீட்டினான். நம் பக்கத்து ஆள்தான், தமிழிலேயே கத்தினான். "டேய், பின்னாடி லைட்டு எங்கடா? சாமி கும்பிட்டியா, இல்ல சாமிகிட்டயே போகப் பாத்தியா? யம்மா, உனக்குப் பின்னால ஒக்காந்து அந்தப் பொண்ணு வெள்ளத் துண்ட ஆட்டலன்னா, மேல ஏத்திட்டே போயிருப்பேன்!"

இறங்கிப் பார்த்தால், நனைந்த மாலை சிவப்பு விளக்கின் மேல் ஒட்டிப்போய்க் கிடக்கிறது, அதற்கு அடியில் சந்தனம் அப்பி அடைத்திருக்கிறது. முனிராஜ் மாலையில் கை வைக்கத் தயங்கினான். "சாமி கோவிச்சுக்காது, தள்ளுடா" என்று நானே பிய்த்துப் போட்டேன், முந்தானையால் சந்தனத்தைத் துடைத்தேன். விளக்கு பளிச்சென்று எரிந்தது. போலீஸ்காரர் எங்களையும் காலி சீட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, போங்கள் என்று கையைக் காட்டினார்.

இனி பயமில்லை என்றுதான் ஏறினேன். ஆனால் வீடு வரும்வரை அவன், "இன்னும் கனமாவே இருக்கும்மா, டயர்ல காத்து இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். இறங்கி அழுத்திப் பார்த்தான், காற்று சரியாகத்தான் இருந்தது.

மருமகள் ரேணுகா துண்டோடு ஓடி வந்து என்னைத் துவட்டினாள். துவட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள். "அத்தை, இந்த எடம் மட்டும் ஏன் காஞ்சிருக்கு?" தலையிலிருந்து கால் வரை சொட்டுகிறது, இடது தோளும் அந்தப் பக்கத்து இடுப்பும் மட்டும் அடுப்பங்கரையில் இருந்து வந்தவளைப் போலக் காய்ந்து, கதகதப்பாக இருக்கிறது. பின்சீட்டில் என்னோடு ஒருத்தி ஒட்டி உட்கார்ந்திருந்தால் அவள் உடம்பு படும் இடம் அதுதான்.

ரேணுகா அம்மன் என்கிறாள். முனிராஜ், செத்துப்போன அத்தை என்கிறான். சாகும்போதே அவளுக்கு அறுபது வயது, லாரிக்காரன் "பொண்ணு" என்றல்லவா சொன்னான்? எங்கள் வீட்டில் சின்ன வயதில் போனவர்கள் யாரும் இல்லை. யாராக இருந்தாலும் கும்பிட்டுக்கொள்கிறேன், என் பிள்ளையைக் காப்பாற்றிக் கொடுத்தாள். அவள் எந்த இடத்தில் ஏறினாள் என்றுகூட நான் யோசிப்பதில்லை. வீட்டு வாசல் வரைக்கும் வண்டி கனமாகவே வந்ததே, அவள் எங்கே இறங்கினாள்? அதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

போதும் காவ்யா. எழுதியதை முதலிலிருந்து படித்துக் காட்டு. வீட்டில் இப்போது நாம் இரண்டு பேர்தான், தெரியும். இருந்தாலும் கொஞ்சம் உரக்கவே படி.