அடிக்காத தண்டவாளம்

கோல சிலாங்கூர் பட்டணத்துக்குப் பின்புறம், ஆற்றங்கரை மேட்டுக்குக் கீழே கம்பம் என்று சொல்கிற எங்கள் குடியிருப்பு இருந்தது. தோட்டத்தை விற்றுவிட்டு தொழிலாளர் லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னபோது முப்பது குடும்பங்கள் அங்கே வந்து பலகை வீடு கட்டிக்கொண்டன. வரும்போது மாரியம்மனைக் கொண்டுவந்தார்கள். பெரட்டுக்கு அடிக்கிற தண்டவாளத் துண்டையும் விடாமல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தோட்டத்தில் விடியுமுன் அதை அடித்தால்தான் சனம் வந்து வரிசையில் நிற்கும், மண்டோர் ஆளைக் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்புவார். அதுதான் பெரட்டு. பட்டணத்துக்கு வந்த பிறகு பெரட்டு ஏது? ஆனாலும் தண்டவாளம் கோயில் முன்னால் தொங்கியது. சாவுக்கு மூன்று அடி, கூட்டத்துக்கு ஐந்து, வெள்ளம் வந்தால் விடாமல் அடிக்க வேண்டும்.

வேலையை விட்டு வந்த மண்டோரும் எங்களுக்கு மண்டோராகவே இருந்தார். கோயில் தலைவர் அவர்தான். அவர் சொல்வார், என் அப்பா அடிப்பார். தோட்டத்திலும் அப்பாதான் அடித்தவர். அதில் அவருக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எண்பதுகளின் நடுவில் ஒரு டிசம்பர் மாதம். நான் நாலாம் பாரம் முடித்து விடுமுறையில் இருந்தேன். அம்மா செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலையை விட்டு ஒரு வருசம்கூட ஆகவில்லை. முதுகில் டின்னைச் சுமந்து புல்லுக்கு மருந்து அடித்து அடித்து அவளுக்கு நகமெல்லாம் கழன்றுவிட்டது, அடிக்கடி மூக்கில் ரத்தம் வரும். இனி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று தையல் கற்றுக்கொண்டு, பட்டணத்து ஜவுளிக் கடையில் போய்ப் பள்ளிச் சீருடை தைக்கிற வேலை கேட்டாள். கடைக்காரர் முதல் தடவையாகக் கட்டுக்கட்டாய்த் துணி கொடுத்தார்.

"பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள குடுத்துடுலா. சரியா குடுத்தா வருசம் முழுக்க வேலை ஒனக்குத்தான்" என்றார்.

அந்த ஒரு பேச்சை நம்பி அம்மா ஆறு வாரமாக மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் பொத்தான் தைத்தேன், மடிப்பு தேய்த்தேன். வெள்ளைச் சட்டைகளும் பெண்பிள்ளைகள் போடுகிற நீல பினபோர் கவுன்களும் தரையை ஒட்டிய பலகைக் கட்டிலில் அடுக்கடுக்காகச் சேர்ந்தன. இன்னும் நான்கு நாளில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

ஆற்றுக்கு மேலே, மலையோரத்துப் பத்தாங் காலிப் பக்கம் விடாமல் மழை பெய்தால் மறுநாள் எங்கள் ஆறு கலங்கும். அன்றைக்கென்று கடலும் ஏற்றத்தில் இருந்தால் ஆற்றுத் தண்ணீர் போக வழியில்லாமல் எங்கள் மேல் திரும்பும். அப்படி ஒரு நாள் காலை, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுகிற பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா எங்கள் வாசலுக்கு ஓடி வந்தார். தண்ணீர் ஏறுகிறது, துணியைத் தூக்குங்கள் என்று மலாயில் கத்திவிட்டுத் தன் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனார்.

நான் கட்டிலிலிருந்து துணிக்கட்டைத் தூக்கினேன். அம்மா மிஷினை நிறுத்தவில்லை.

"வையி. மண்ணுல பட்டா யாரு தொவைக்கிறது?"

"ம்மா, மக்சிக் சொல்லிட்டுப் போறாங்க இல்ல?"

"தண்டவாளம் அடிக்கலையே. ஒங்கப்பா அங்கதான நிக்கிறாரு. தண்ணி வந்தா அடிக்க மாட்டாரா?"

எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் அதே பேச்சுதான். தண்டவாளம் அடிக்கவில்லை, அதனால் வெள்ளம் வரவில்லை. சட்டிக்கு அடியில் தீ எரிந்துகொண்டிருந்தது, பிள்ளைகள் பசியாறிக்கொண்டிருந்தார்கள். கண்ணுக்கு முன்னால் சாக்கடை பொங்குவதைப் பார்த்துக்கொண்டே உத்தரவுக்குக் காத்திருந்த ஒரே சனம் உலகத்தில் நாங்களாகத்தான் இருக்கும்.

சமையல் கட்டு வழியாகத்தான் தண்ணீர் முதலில் வந்தது. அம்மா எழுந்து கட்டிலை எட்டுவதற்குள் முழங்கால் அளவு ஏறிவிட்டது. தெருக்கோடி மோட்டார் பட்டறையின் கறுப்பு எண்ணெய் மேலே மிதந்து வந்தது. நான் மேல் கட்டுகளை அள்ளினேன். அடியில் இருந்தவை எல்லாம் ஊறிவிட்டன. கையில் இருந்ததும் கூரைச் சட்டத்தில் ஏற்றும்போது நழுவி விழுந்தது. வெள்ளைச் சட்டைகள் எண்ணெய்க்குள் கையை விரித்துக்கொண்டு மிதந்தன. அம்மா அழவில்லை. ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டே இருந்தாள்.

இடுப்பளவு தண்ணீரில் அப்பா வந்தார். கையில் தண்டவாளம் அடிக்கிற இரும்பு இருந்தது. மூவருமாக மிஷினைத் தூக்கி மேசைமேல் வைத்துவிட்டு வெளியேறினோம். அடிக்கப் போகுமுன் தண்ணீர் முந்திக்கொண்டது போலிருக்கிறது, பாவம், என்றுதான் நான் நினைத்தேன்.

மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்தில் எங்களைத் தங்க வைத்தார்கள். அங்கே போனால் மண்டோர் வீட்டுச் சாமான் முழுவதும் ஒரு வகுப்பறையில் இருந்தது. அலமாரி, டிவி, அரிசி மூட்டை, மெத்தை, எல்லாம் ஈரம் படாமல் கிடந்தன. அவர் மனைவி வளர்த்த ரோஜாத் தொட்டிகள்கூட ஏழு இருந்தன. லோரி வைத்து ஏற்றியிருக்கிறார்கள். நான் அப்பா பக்கம் திரும்பினேன்.

"ப்பா, இதெல்லாம் எப்ப வந்துச்சு?"

"காலையிலயே. நான்தான் ஏத்திவிட்டேன்."

"அப்ப ஏன் அடிக்கல?"

"மண்டோரு சொல்லலையே." சொன்னாலும் விளங்காத குழந்தையிடம் பேசுவதுபோல் பேசினார். "இப்ப அடிச்சா எல்லாரும் லோரிக்கு ஓடியாந்துருவாங்க, மொத நடை எறக்கிட்டு வந்து சொல்றேன்னாரு. லோரி திரும்பி வரவே இல்ல. நான் இரும்பும் கையுமா தண்டவாளத்துக்குப் பக்கத்துலயேதான் நின்னேன்."

அம்மா பக்கத்தில்தான் இருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பிழிந்த துணிகளைப் பள்ளிக்கூட வேலியில் காயப்போடப் போய்விட்டாள்.

மண்டோர் மேல் எனக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம். தன் சாமானைக் காப்பாற்றிக்கொள்கிற ஆளை ஊர் முழுக்கப் பார்க்கலாம். அப்பாவைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. இருபது அடி எடுத்து வைத்தால் எங்கள் வீடு. மனைவியின் ஆறு வார உழைப்பு தரையில் இருப்பது அவருக்குத் தெரியும். அவர் எங்களுக்குத் துரோகம் செய்துகொண்டு நின்றார், அதற்குக் காவல் என்று பெயர் வைத்துக்கொண்டு நின்றார்.

எண்ணெய்க் கறை எந்தச் சோப்புக்கும் போகவில்லை. கடைக்காரர் ஒரு சட்டையை விரித்துப் பார்த்து, முகர்ந்து பார்த்து, மடித்து வைத்தார். "நான் என்னலா செய்யறது" என்றார். அடுத்த வாரம் வேறொரு பெண் அந்தக் கடைத் துணியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவதைப் பார்த்தேன். அதே வாரம் கோயிலில் நிவாரண அரிசி கொடுத்தார்கள். மண்டோர் மேசை போட்டு உட்கார்ந்து பேர் கூப்பிட்டார். சனம் வரிசையில் நின்றது, வரிசையைச் சரிசெய்தவர் அப்பா. அம்மா போகவில்லை, என்னையும் போக விடவில்லை.

பள்ளிக்கூடம் திறந்த அன்று நான் சீருடை போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே மருந்தடிக்க ஆள் ஏற்றும் லோரி வந்து நின்றது. அம்மா நீளக் கைச்சட்டையை மாட்டி, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, சோற்றுச் சட்டியோடு வாசலைத் தாண்டினாள். அப்பா பதறிப்போய் எழுந்தார்.

"ஏ புள்ள, எங்க போற? அந்த வேலை ஒடம்புக்கு ஆவாதுன்னுதான விட்ட? இப்ப யாரு ஒன்னைப் போகச் சொன்னா?"

அம்மா லோரியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாள்.

"மண்டோருகிட்டக் கேட்டுச் சொல்லுங்க. இருன்னு சொன்னாருன்னா எறங்கிடறேன்."

லோரி கிளம்பிவிட்டது. அப்பா என்னைப் பார்த்தார். நான் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போனேன்.