எல்லோரையும் இறங்கச் சொன்னபோது

கொழும்பு பஸ் நிற்பதில்லை, மெதுவாகும். அவ்வளவுதான். அந்த மெதுவுக்குள் நாம் ஏறிவிட வேண்டும். நோர்வேயில் நாங்கள் இருக்கும் பேர்கனில் பஸ் வந்து நின்று, எங்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்தும் கொடுக்கும். நாங்களும் ஒருவர்மேல் ஒருவர் படாமல் ஏறி, பக்கத்தில் ஆளில்லாத இருக்கையாகத் தேடி உட்காருவோம். நோர்வேயிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். வெள்ளவத்தையில் என்னையும் மகள் ஆரணியையும் கொண்டக்டர் முதுகில் கைவைத்து உள்ளே தள்ளினான். "இஸ்ஸரஹட்ட யன்ட" என்று முன்னுக்குப் போகச் சொல்லிக் கத்தினான். முன்னுக்கு எங்கே போவது, ட்ரைவரின் மடிக்கா?

பஸ் என்பது ஆரணியின் பிடிவாதம். நான் ஓட்டோ என்றேன். "நீங்கள் படிக்கேக்க பஸ்ஸிலதானே போனனீங்கள்?" என்று மடக்கினாள். ஓம், போனேன். எப்படிப் போனேன் என்பதை மட்டும் அவளுக்குச் சொன்னதில்லை. அது யுத்த காலம். வீதித் தடையில் ஆமிக்காரர் பஸ்ஸை மறிப்பார்கள். எல்லோரும் இறங்க வேண்டும். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை, கையில் அடையாள அட்டை. அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்தால் ஓரமாக நிற்கச் சொல்வார்கள். ஒருநாள் என்னையும் என் சிநேகிதி ரெஜினாவையும் அப்படி நிறுத்தினார்கள். மற்றவர்கள் ஏறினார்கள், பஸ் போய்விட்டது. பொழுதுபடும்வரை பொலிஸில் இருந்தோம். அதன்பிறகு நாட்டை விட்டுப் போகும்வரை நான் பஸ் ஏறவில்லை. இப்போது அதே ரெஜினா கொட்டாஞ்சேனையில் நண்டுக் கறியோடு காத்திருக்கிறாள். போய்ச் சேரும்வரை மகளுக்கு முன்னால் நடுங்கிவிடக் கூடாது, எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

முதலில் நன்றாகத்தான் போனது. இருக்கையில் இருந்த ஒரு பெண் கேட்காமலே என் தோளிலிருந்த பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எனக்குத் திக்கென்றது. பிறகுதான் நினைவு வந்தது, இங்கே நிற்கிறவர்களின் சுமையை இருக்கிறவர்கள் வாங்கி வைத்துக்கொள்வது வழக்கம். பேர்கனில் யாராவது இப்படிச் செய்தால் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். ஆரணி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

மருதானைக்குக் கிட்ட பஸ் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. கொண்டக்டர் கதவடியில் நின்று, "ஒக்கம பஹின்ன!" என்றான். எல்லோரும் இறங்குங்கள். அந்தப் பெண் பையை என்னிடம் நீட்டினாள். நான் ஆரணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினேன். மதில் ஓரமாக அவளை நிறுத்தி, முன்னால் நான் நின்றேன். எங்கள் இரண்டு நோர்வே பாஸ்போட்டையும் எடுத்து, படம் உள்ள பக்கத்தை விரித்துப் பிடித்தேன்.

"அம்மா, ஆருக்கு நிக்கிறம்?" என்றாள் ஆரணி.

அப்போதுதான் பார்த்தேன். பஸ்ஸிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் எல்லோரும் திட்டிக்கொண்டே பின்னால் வந்த வேறு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். வரிசையே இல்லை. நான் மட்டும்தான் வரிசை. வீதி நெரிசலைச் சரிசெய்ய வந்த ஒரு பொலிஸ்காரர் என் கையில் இருந்ததைக் கண்டு நேரே எங்களிடம் வந்தார். நான் பாஸ்போட்டை நீட்டினேன். அவர் அதைத் தொடவில்லை.

"மேடம், வேர் யூ வாண்ட் டு கோ?"

சுற்றுலா வந்து வழி தவறியவர்கள் என்று நினைத்துவிட்டார்! "கொட்டாஞ்சேனை" என்றேன். அவர் நடுவீதிக்குப் போய்க் கையைக் காட்டினார். முகத்துவாரம் போகும் பஸ் ஒன்று, மெதுவாகாமல், உண்மையாகவே நின்றது. எங்களுக்காகப் பொலிஸ் பஸ்ஸை மறித்தது. எனக்கு அப்படியே நிலத்தில் குந்தியிருந்து அழலாம் போலிருந்தது, அவ்வளவு ஆறுதல். ஆனால் ரோஷமும் விடவில்லை. ஏறும்போது, "மம மெஹே கெனெக்" என்றேன், நான் இங்கத்தைய ஆள்தான் என்று.

அவர் சிரித்தார். "எஹெனங் பாஸ்போட் மொகட்டத?"

அப்படியென்றால் பாஸ்போட் எதற்கு? நல்ல கேள்விதான். பஸ் வெளிக்கிட்டது.

"அம்மா, கை நடுங்குது" என்றாள் ஆரணி மெதுவாக.

"ஓம் பிள்ளை, நடுங்குது. ஏனெண்டு ரெஜினா அன்ரி வீட்டில சொல்லுறன். அவவும் சொல்லுவா."

சொல்லிவிட்ட பிறகு எனக்கு மூச்சு நன்றாக வந்தது. பஸ்ஸில் காலடி வைக்க இடமில்லை. ஒரு கை மேல்கம்பியில், மற்றக் கையில் பாஸ்போட். பையைத் திறந்து உள்ளே வைக்க வேண்டுமென்றால் கம்பியை விட வேண்டும். கம்பியை விட்டால் விழுவேன். கொட்டாஞ்சேனை வரும்வரை இரண்டையும் பிடித்தபடியே நின்றேன்.