ஆய்வக வசதி: இல்லை

ஊத்தங்கரையிலிருந்து சிங்காரப்பேட்டை போகும் வழியில், பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் உள்ளே நடந்தால் எங்கள் பள்ளி வரும். அங்கே நான் அறிவியல் ஆசிரியர். ஆனால் ஆசிரியர் அறையில் என் பெயர் 'ப்ரபோசல் சார்'. கம்பெனிகளிடம் அறிவியல் சாமான்கள் கேட்டு விண்ணப்பம் எழுதுவது எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. "இத்தனை ப்ரபோசல் குடுத்தீங்களே சார், ஒருத்தராவது ஓகே சொன்னாங்களா?" என்று கணக்கு டீச்சர் கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துவைப்பேன்.

போச்சம்பள்ளிப் பக்கத்துக் கம்பெனி ஒன்றுக்கு முதல் வருடம் எழுதியபோது உள்ளதை உள்ளபடி எழுதினேன். ஒரு பழைய மைக்ரோஸ்கோப் இருக்கிறது, ஜன்னல் வெயிலில் வைத்தால் நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் இத்தனை பிள்ளைகளுக்கு ஒன்று போதவில்லை என்று. உங்களிடம் ஏற்கெனவே வசதி இருப்பதால் வசதியே இல்லாத பள்ளிகளுக்கு முன்னுரிமை தருகிறோம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. கோபம்கூட வரவில்லை. அவர்கள் பக்கம் அது நியாயம்தான்.

அந்த மைக்ரோஸ்கோப் ஏழாம் வகுப்பில் ஒரு பெண்ணின் பொறுப்பில் இருந்தது. நான் ஒப்படைக்கவில்லை, அவளே எடுத்துக்கொண்டாள். அம்மா விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறிப்போய்விடுவதால் இவள் பள்ளிக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து, அதன் அடியில் இருக்கும் சின்னக் கண்ணாடியை வெயில் பக்கம் திருப்பிக்கொண்டிருப்பாள். ஏரித் தண்ணீரை டிபன் பாக்ஸ் மூடியில் ஏந்தி வருவாள். மற்ற பிள்ளைகள் புத்தகத்தில் இருக்கும் படத்தை அப்படியே வரைந்து பாகங்களைக் குறிப்பார்கள். இவள் நோட்டில் ஒரே ஒரு புள்ளி இருக்கும். பக்கத்தில், 'இது தூசி என்று நினைக்கிறேன். நகரவில்லை' என்று எழுதியிருப்பாள். என் சர்வீஸில் பிள்ளைகள் எழுதியதைப் படித்து நான் சந்தோஷப்பட்டது குறைவு. அந்த நோட்டைப் படிக்கும்போது பட்டேன். இந்தப் பெண் இப்படியே இருந்தால் போதும், நான் வாங்கும் சம்பளத்துக்கு வஞ்சகமில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

அடுத்த வருடம் அதே கம்பெனியின் படிவத்தில் 'ஆய்வக வசதி' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று நிரப்பினேன். எழுத ஒரு நொடிகூட ஆகவில்லை.

பத்து நாளில் போன் வந்தது. நேரில் பார்க்க வருகிறார்களாம். மைக்ரோஸ்கோப்பைச் சத்துணவு அரிசி மூட்டைகள் இருக்கும் அறையில் வைத்துவிடச் சொன்னார் எச்.எம். அம்மா. அதை வேறு யாராவது தொட்டால் அந்தப் பெண்ணுக்குப் பிடிக்காது என்பதால் அவளையே கூப்பிட்டேன். துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டவள், "ரிப்பேராங் சார்?" என்று கேட்டாள். இல்லைம்மா, யாராவது கேட்டால் நம்மிடம் இல்லை என்று சொல்லிவிடு, அப்போதுதான் புதுசு வரும் என்றேன். சரி என்பதுபோலத் தலையாட்டினாள். மேற்கொண்டு ஏதாவது கேட்பாள் என்று நின்றேன். அவள் அரிசி அறைப் பக்கம் நடந்துவிட்டாள்.

வந்த அதிகாரி நல்ல மனிதர். பாதி தமிழ், பாதி கன்னடம் பேசினார். வகுப்பில் முன்வரிசையில் இருந்த அவளிடமே போய், மைக்ரோஸ்கோப் பார்த்திருக்கியாம்மா என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"பாத்ததில்லீங் சார்."

அவர் முகம் கனிந்துவிட்டது. குறித்துக்கொண்டார். டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பினோம்.

ஐந்து புது மைக்ரோஸ்கோப் வந்தன. பேனர் கட்டினோம், எச்.எம். அம்மா பட்டுப்புடவையில் வந்தார், கணக்கு டீச்சர் எனக்குக் கைகொடுத்தார். எனக்குச் சந்தோஷமும் இல்லை, உறுத்தலும் இல்லை. மரத்துப்போன காலை ஊன்றி நடப்பதுபோல அந்த நாள் போனது. பிள்ளைகள் பயன்படுத்துவதற்கு அத்தாட்சியாக ஒரு மாணவரின் செய்முறை நோட்டை, கம்பெனிக்கு அனுப்பும் அறிக்கையோடு வைக்கச் சொல்லியிருந்தார்கள். யாருடையது என்று நான் யோசிக்கவே இல்லை, அவளுடையதுதான்.

அறிக்கைக்குக் கடைசி நாளன்று காலையிலிருந்து கரண்ட் இல்லை. புது மைக்ரோஸ்கோப்பில் வெயிலைத் திருப்பும் கண்ணாடி கிடையாது, பல்புதான். கரண்ட் இல்லாமல் உள்ளே பார்த்தால் ஒரே இருட்டு. அவளுக்கு முன்னாலேயே நான் அதைப் பார்த்திருந்தேன். வெங்காயத் தோலை வைத்து அவளும் குனிந்து பார்த்தாள். அரை நிமிஷம் இருக்கும். பிறகு உட்கார்ந்து வரைய ஆரம்பித்தாள்.

நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். செங்கல் அடுக்கியதுபோல வரிசையாகச் செல்கள், ஒவ்வொன்றுக்கும் உட்கரு, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுப் பாகங்கள். அவள் வரைந்ததிலேயே அதுதான் அழகான படம். கீழே, 'செல்கள் தெளிவாகத் தெரிந்தன' என்று எழுதியிருந்தாள்.

"என்னம்மா தெரிஞ்சுது?" என்றேன்.

"ஒண்ணும் தெரியலீங் சார். ரிப்போர்ட்டுக்குத்தானே, அதான் நல்லா தெரிஞ்சுதுன்னு எழுதிட்டேன்."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. எனக்கு ஒரு உதவி செய்ததுபோல, சிரித்துக்கொண்டே சொன்னாள். தப்பும்மா, அந்த வரியை அடித்துவிட்டு 'இருட்டாக இருந்தது' என்று எழுது என்று சொல்லியிருக்கலாம். வாயில் வார்த்தை இருந்தது. "சரிம்மா" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன்.