உள்ளங்கையில் ஒரு சொட்டு

"ஸ்டோர்க்காரரே, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க" என்று சொல்லிவிட்டு மாஸ்டரம்மா செருப்பைக் கழற்றுகிறார். அப்புறம் வளையல்கள். அப்புறம் மூக்குக்கண்ணாடி. இடுப்பிலிருக்கும் சாவிக்கொத்தையும் உருவி வெங்காய மூட்டையின்மேல் வைக்கிறார். மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் முதலில் ஒரு கால், சுவரைப் பிடித்துக்கொண்டு மறுகால், கடைசியாகச் சுவரிலிருந்து கை. கண்ணாடி இல்லாததால் எண் தெரிவதில்லை. குனிந்தால் முட்டி ஒத்துழைப்பதில்லை. ஆகவே, திரும்பி நிற்கச் சொன்ன அதே மனிதரைத் திரும்பச் சொல்லி, "எவ்வளவு காட்டுது, பாருங்க" என்று கேட்க வேண்டியிருக்கிறது.

"தொண்ணூத்தாறு."

நேற்றும் தொண்ணூற்றாறுதான். போன மாதமும் அதுதான். இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருக்கிறது அந்த எண்.

"இந்தத் தராசுல ஏதோ கோளாறு."

"உருளைக்கிழங்குக்கு இப்பத்தான் சரியா காட்டுச்சு" என்கிறார் ஸ்டோர்க்காரர். ஓய்வுபெறும் வயதை நெருங்கிவிட்ட மனிதர். இனி யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை என்ற முடிவுக்கு எப்போதோ வந்துவிட்டவர்.

தொழிற்சாலைக் கேன்டீனின் தலைமைச் சமையல்காரர் நம் மாஸ்டரம்மா. ஆண்கள் மட்டுமே மாஸ்டர்களாக இருந்த சமையலறைக்குப் பாத்திரம் தேய்க்க வந்து, காய் நறுக்கி, ரொட்டி சுட்டு, ஒரு நாள் பெரிய அடுப்பைப் பிடித்தவர். பிடித்ததை விடவில்லை. ஷிப்ட் சங்கு ஊதினால் ஐந்நூறு பேர் தட்டோடு வந்து நிற்பார்கள். அவர்களில் பாதிப் பேர் வீட்டுச் சாப்பாட்டைக் குறை சொல்வதற்கு இந்த அம்மாளின் கைதான் காரணம் என்று அவர்களுடைய மனைவிமார் சாபம் விடுவதாகக் கேள்வி. அதைச் சொன்னால் மாஸ்டரம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

அந்தப் பல் தெரிந்து நாளாகிறது. இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. அண்டாவுக்கும் மேடைக்கும் நடுவே நான்கு எட்டு வைப்பதற்குள் முகம் சுருங்கிவிடுகிறது. மூட்டு மாற்றிவிடலாம் என்றார் எலும்பு டாக்டர். ஆனால் ஒரு நிபந்தனை. "தொண்ணூறு கிலோவுக்குக் கீழ வாங்கம்மா, அப்புறம் தேதி தர்றேன். இந்த எடையில கத்தி வைக்க மாட்டேன்." அன்று எடை நூற்றெட்டு. கேன்டீன் மேனேஜர் தன் பங்குக்கு இன்னொன்று சொன்னார். நிற்க முடியாதவரை அடுப்படியில் வைத்துக்கொள்ள முடியாதாம். வேண்டுமானால் கூப்பன் கவுண்டரில் நாற்காலி போட்டுத் தருகிறாராம்.

"கூப்பன் கிழிக்கறதுக்கா இத்தன வருஷம் நான் அடுப்புல வெந்தேன்?" என்று கேட்டாராம் மாஸ்டரம்மா. மேனேஜர் மறுநாளே நாற்காலியை வாங்கிப் போட்டுவிட்டார். வழவழவென்று, மெத்தை வைத்த நாற்காலி. அதைத் தாண்டித்தான் தினமும் சமையலறைக்குள் போக வேண்டும்.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. சர்க்கரையை விட்டார், பொரித்ததை விட்டார், இரவுச் சாப்பாட்டை ஒரு கிண்ணம் சூப்போடு முடித்துக்கொண்டார். மாதத்துக்கு மாதம் எடை இறங்கியது. ஏப்ரன் நாடா முன்பக்கம் வந்து முடிச்சுப் போடும் அளவுக்கு மிச்சமானது. மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருக்கும் பெண் கைதட்டினாள். வீட்டில் மகள் கட்டிப்பிடித்துக்கொண்டாள். சாதாரணமாக மூக்கின்மேல் கோபத்தை வைத்திருக்கும் மாஸ்டரம்மா, அந்த நாட்களில் உப்பு டப்பாவைத் திறந்துபோட்டவர்களைக்கூடத் திட்டவில்லை.

பிறகு தொண்ணூற்றாறு வந்தது. வந்து, நின்றுவிட்டது.

இளைக்கும்போது ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். நின்றுபோனால் ஊரே டாக்டர் ஆகிவிடும். சுடுதண்ணீர் குடிக்கச் சொன்னாள் பக்கத்து வீட்டுக்காரி. குடிக்கவே கூடாது என்றாள் அவளுடைய நாத்தனார். தட்டுக் கழுவுகிறவர் பசித்தால் மட்டும் சாப்பிடச் சொன்னார். லாரி டிரைவர், பசிக்கும் முன்பே சாப்பிட்டுவிட வேண்டும் என்றார். அந்த டிரைவர் ஸ்டியரிங்குக்கும் தொப்பைக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாத மனிதர். மாஸ்டரம்மா எல்லாவற்றையும் செய்து பார்த்தார். இருந்த அரைக் கிண்ணம் சாதத்தைக் கால் கிண்ணமாக்கினார். முட்டி அனுமதித்த தூரம் நடந்தார். அனுமதிக்காத தூரமும் நடந்தார். எண் ஆடவுமில்லை, அசையவுமில்லை.

அதைவிடப் பெரிய அவமானம் வேறொன்று. அவர் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை.

"மறைக்காம சொல்லுங்கம்மா, நான் திட்ட மாட்டேன்" என்றாள் அந்த ஆலோசகப் பெண். குழந்தையிடம் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டாள். மாஸ்டரம்மா சொன்னார். காலையில் ஒரு முட்டை, ஒரு துண்டு ரொட்டி. மதியம் கால் கிண்ணம் சாதம், வேகவைத்த காய். இரவு சூப். அவள் எழுதிக்கொண்டு, பேனாவை மூடிவிட்டு, "இது மட்டும் சாப்பிட்டா எடை நிக்காதும்மா" என்றாள்.

வீட்டில் மகள் அவ்வளவு நாசூக்குப் பார்க்கவில்லை. "கேன்டீன்ல என்ன நடக்குதுன்னு யாருக்குத் தெரியும்? அண்டா அண்டாவா இருக்கு. நீயாவது வாயக் கட்டுறதாவது."

"உன் தலமேல அடிச்சு சத்தியம் பண்றேன்டி, ஒரு கவளம் கூடுதலா சாப்பிடல."

"என் தலைய விட்டுடு. உன் முட்டியப் பாரு."

அன்றிரவு சூப்பையும் வேண்டாமென்று சொல்லிவிட்டுப் படுத்தார். பசி ஒரு பக்கம். பெற்ற மகளே தன்னைத் திருட்டுத்தனமாகத் தின்கிறவள் என்று நினைக்கிறாளே என்ற வயிற்றெரிச்சல் இன்னொரு பக்கம். இரண்டாவதுக்கு முன்னால் முதலாவது ஒன்றுமே இல்லை.

போட்டு உடைத்தவர் ஸ்டோர்க்காரர்தான். எண்ணெய் டின் கொடுக்க உள்ளே வந்தவர், அடுப்பருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டரம்மா கரண்டி நுனியால் சூப்பை எடுத்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினார். உப்புப் போட்டார். மறுபடி ஒரு சொட்டு. அடுத்த அடுப்பில் இறைச்சி. எலும்போரத்துச் சதையைக் கிள்ளி வாயில் போட்டு வெந்துவிட்டதா என்று பார்த்தார். அதற்கடுத்து வெண்ணெய் போட்ட உருளைக்கிழங்கு மசியல்.

"ஏம்மா, இத கணக்குல சேர்த்தீங்களா?"

"எத?"

"இப்ப நக்குனீங்களே."

கரண்டி அண்டாவில் விழுந்தது. "யோவ், இது சாப்பாடா? இது வேலைய்யா! டெய்லர் ஊசியில நூல் கோக்கறப்ப நூல ஈரம் பண்றான், அவன் நூல் தின்னான்னு சொல்லுவியா?" என்று அவர் போட்ட சத்தத்தில் தட்டுக் கழுவும் இடத்தில் தண்ணீர் நின்றது. ஸ்டோர்க்காரர் டின்னை வைத்துவிட்டு நழுவிவிட்டார்.

நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் எந்தச் சமையல்காரரிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். உட்கார்ந்து தின்றால்தான் சாப்பாடு. நின்றுகொண்டு உள்ளங்கையில் விட்டுக்கொள்வது தொழில். கொத்தனார் ரசமட்டம் வைத்துப் பார்ப்பதுபோல இவர்கள் நாக்கை வைத்துப் பார்க்கிறார்கள். மாஸ்டரம்மா மகள் தலையில் செய்த சத்தியம் அவரளவில் சுத்தமான சத்தியம்.

ஆனாலும் ஸ்டோர்க்காரர் கேட்ட கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. மறுநாள் ஒரு காலி ஜாடியை எடுத்து மேடையோரம் வைத்தார். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினால், அதே அளவு ஜாடியிலும் ஒன்று. ஒரு துண்டு இறைச்சி வாய்க்குப் போனால், ஜாடிக்கும் ஒரு துண்டு. ஒருவரிடமும் எதற்கென்று சொல்லவில்லை. பால் இனிப்புக்குச் சர்க்கரை பார்த்தது, பொரித்த மீனின் மொறுமொறுப்புப் பார்த்தது, நெய் காறுகிறதா என்று பார்த்தது, ஒன்றையும் விடவில்லை. மதிய ஷிப்ட் சாப்பிட்டுப் போனபோது ஜாடி கழுத்துவரை நிறைந்திருந்தது. எண்ணெய் மேலே மிதந்தது. மீனும் பாலும் மசியலும் ஒன்றாகக் குழைந்து ஒரு நாற்றம்.

மாஸ்டரம்மா அந்த ஜாடியைத் தூக்கி, கையிலேயே கனம் பார்த்தார். தின்றிருக்கிறோமே என்பதுகூட அவரை அவ்வளவு குத்தவில்லை. கண்ணில் நீர் வரக் கால் கிண்ணம் சாதத்தோடு எழுந்த மதியங்கள் எல்லாம் வீண். அந்தப் பேனா மூடிய பெண் சொன்னது சரி, மகள் சொன்னதும் சரி. தான் பண்ணிய சத்தியம்தான் பொய். ஜாடியைத் தானே தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் கொட்டினார். மகளிடம் இதை இன்றுவரை சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்.

அடுத்த நாளிலிருந்து ருசி பார்ப்பதை நிறுத்தினார். முதலில், வாயில் விட்டுப் பார்த்துத் துப்பினால் போச்சு என்று ஒரு யோசனை. தொட்டியில் துப்பும்போது ரொட்டி சுடுகிறவர் பார்த்துவிட்டார். சமையலறையில் மாஸ்டரே துப்புகிறாரா என்று ஒரு பார்வை. போதும். அந்தப் பார்வைக்குப் பிறகு மாஸ்டரம்மா துப்பவில்லை. காய் நறுக்கும் பெண்ணைக் கூப்பிட்டு அடுப்பருகே நிறுத்தினார்.

"இந்தா, பாத்துச் சொல்லு."

"நல்லாருக்குக்கா."

"உப்பு?"

"நல்லாருக்குக்கா."

"காரம்?"

"அதுவும் நல்லாத்தான் இருக்குக்கா."

அவளுக்கு எல்லாமே நல்லாத்தான் இருந்தது. மாஸ்டரம்மாவிடம் குறை சொல்லும் துணிச்சல் அவளுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கிடைக்கும் ஒரு வாய்க்காகவும் நல்லாருக்கு என்று சொன்னாளோ என்னவோ, அவள் கன்னம் மட்டும் உப்பிக்கொண்டு வந்தது.

மேடைத் தராசு அசைந்தது. தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றுமூன்று. ஸ்டோர்க்காரர் ஒவ்வொரு முறையும் எண்ணைச் சத்தமாகச் சொன்னார். "நான் அன்னிக்கே சொன்னேனே" என்று ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மையும் மாஸ்டரம்மாவுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. மகள் மறுபடி கட்டிப்பிடித்துக்கொண்டாள். "பாத்தியா, கேன்டீன்ல கை வைக்காம இருந்தா எப்படி இறங்குது!" என்றாள். மாஸ்டரம்மா அவள் கைகளை விலக்கிவிட்டுப் போய் முகம் கழுவினார்.

எடை இறங்கியது, சமையலும் இறங்கியது. ஒரு நாள் சூப்பில் உப்பில்லை. மறுநாள் அதற்கும் சேர்த்து இருந்தது. சாப்பிடும் இடத்தில் முன்பெல்லாம் ஒரு இரைச்சல் இருக்கும், இன்னொரு கரண்டி கேட்டுச் சண்டை இருக்கும். அது அடங்கிவிட்டது. வீட்டிலிருந்து டப்பா கொண்டுவருகிறவர்கள் அதிகமானார்கள். "நாக்கு செத்துப்போச்சுடா" என்று வரிசையில் யாரோ முணுமுணுத்தது ஜன்னல் வழியாக உள்ளே கேட்டது. மேனேஜர் ஒரு வெளியாளை அழைத்துவந்து அடுப்புகளைச் சுற்றிக் காட்டினார். அந்த ஆள் மாஸ்டரம்மாவுக்கு வணக்கம் வைத்துவிட்டு, அவர் தோளுக்கு மேலாக அண்டாவை எட்டிப் பார்த்தான்.

ஒரு நாள் தராசு தொண்ணூற்றொன்று காட்டியது. டாக்டரைப் பார்க்க இன்னும் எட்டு நாள். இப்படியே வாயை மூடிக்கொண்டிருந்தால் தொண்ணூறுக்குக் கீழே போய்விடலாம், தேதி வாங்கிவிடலாம், புது மூட்டோடு அடுப்பு முன்னால் நிற்கலாம். நிற்பதற்கு அப்போது அந்த அடுப்பு இருக்குமா என்பதுதான் கேள்வி. இதை அவர் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் மகள் கூப்பன் நாற்காலியைக் காட்டுவாள்.

அன்று மதியம் அவர் சாப்பிட்ட தட்டுகளைத் திரும்ப வாங்கும் ஜன்னலருகே நின்றுகொண்டிருந்தார். மேடையைப் பிடித்துக்கொண்டு நிற்க அதுதான் வசதியான இடம். வெல்டர் ஒருவர் தட்டை நீட்டினார். பல வருஷமாக இந்தக் கையால் சாப்பிடுகிறவர், இரண்டாம் முறை வாங்காமல் எழுந்திருக்காதவர். தட்டில் இறைச்சியும் சாறும் அப்படியே இருந்தன. ஒரு கடி கடித்த ரொட்டி ஓரத்தில் ஊறிக்கொண்டிருந்தது.

"என்ன, நல்லால்லயா?"

"அதெல்லாம் இல்ல மாஸ்டரம்மா. பசியே இல்ல இன்னிக்கு." அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

கெட்டுப்போயிருக்கிறது என்று அந்த மனிதர் கத்தியிருந்தால் மாஸ்டரம்மாவும் பதிலுக்குக் கத்தியிருப்பார். இந்த மரியாதையை என்ன செய்வது? நோயாளியிடம் பேசுகிற குரல் அது. வெல்டருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து தட்டுகள், எல்லாம் பாதி பாதியாக.

தட்டுக் கழுவுகிறவர் அதை வாங்கக் கை நீட்டினார். மாஸ்டரம்மா கொடுக்கவில்லை. தட்டைத் தன் மார்போடு அணைத்துக்கொண்டு, கடித்த ரொட்டியை ஒதுக்கிவிட்டு, ஆள்காட்டி விரலால் சாற்றை வழித்தார்.

"ஐயோ, எச்சில் மாஸ்டரம்மா அது!" என்றார் வெல்டர்.

மாஸ்டரம்மா விரலை வாயில் வைத்துக் கண்ணை மூடினார். நாக்கை மேலண்ணத்தில் அழுத்திப் பார்த்தார். உப்பில்லை, மிளகும் போதவில்லை.

"அண்டாவ இறக்காத, நான் வரேன்" என்று அடுப்புப் பக்கம் குரல் கொடுத்தார். பிறகு, இந்தத் தரம் ஒரு விரலால் அல்ல, நாலு விரலும் சேர்த்து, தட்டை அடிவரை வழித்து வாயில் போட்டுக்கொண்டார்.