ரங்கூன் மொயிங்காவும் என் ஓரகத்தியும்

ரங்கூனுக்கு நாங்கள் போனது ஒரு பிரசவத்துக்காக. என் கணவரின் அண்ணன் மனைவிக்கு ஒரே தங்கை. அவளை ரங்கூனில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவளுக்குத் தலைப்பிரசவம். தாய் இல்லாத பெண் என்பதால் அக்காள்தான் போயாக வேண்டும். துணைக்கு என்னையும் அனுப்பினார்கள். அப்போது எனக்குக் கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. பினாங்கில் சூலியா தெருவுக்குப் பின்னால் இருந்த எங்கள் மாடி வீட்டையும் கோயிலையும் தவிர வேறெதையும் பார்க்காதவள். கப்பல் என்றதும் குதித்துக்கொண்டு கிளம்பினேன்.

என் ஓரகத்தியை நான் அக்கா என்றுதான் அழைத்தேன். எழுதும்போது அந்த மரியாதை கைக்கு வரமாட்டேன் என்கிறது. அதனால் அவள் என்றே எழுதுகிறேன்.

எங்கள் குடும்பம் சுத்த சைவம். கீழே கடையில் மிளகு, கிராம்பு, ஜாதிக்காய் என்று எத்தனையோ விற்றோம். கருவாடு மட்டும் விற்கமாட்டோம் என்பதில் என் மாமியாருக்கு அத்தனை பெருமை.

ரங்கூனில் தங்கை வீட்டுத் தெருமுனையில் காலை வேளையில் ஒரு பர்மாக்காரி வந்து உட்காருவாள். கன்னத்தில் சந்தனம் போல ஏதோ பூசியிருப்பாள். முன்னால் ஒரு பெரிய பானை. கிண்ணத்தில் வெள்ளை இடியாப்பம் போன்ற சேமியாவைப் பிய்த்துப் போட்டு, அதன்மேல் மஞ்சள் குழம்பை ஊற்றுவாள். குழம்பில் வாழைத்தண்டு வட்டம் வட்டமாக மிதக்கும். மேலே பருப்பு வடையை நொறுக்கித் தூவி, கொத்தமல்லி போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து தருவாள். மொயிங்கா என்று பெயர். வாழைத்தண்டையும் வடையையும் பார்த்து அது ஏதோ பருப்புக் குழம்பு என்றே நாங்கள் இருவரும் நினைத்தோம். மூங்கில் முக்காலியில் உட்கார்ந்து மூக்கு வழிய வழியச் சாப்பிட்டோம். பிரசவ வீட்டில் வேலை முடிந்து எப்போது விடியும் என்று காத்திருப்போம்.

ஒருநாள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் போய்விட்டோம். பர்மாக்காரி அப்போதுதான் வெந்த மீனிலிருந்து முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். முள்ளெடுத்த மீனைக் கையாலேயே மசித்துக் குழம்பில் கரைத்தாள். நான் ஓரகத்தியின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் அசையவில்லை.

"இத்தனை நாள் சாப்பிட்டாச்சு. இப்ப தெரிஞ்சு மட்டும் என்ன ஆகப்போவுது? உக்காரு" என்றாள்.

உட்கார்ந்தேன். அன்று அவள் இரண்டாம் கிண்ணமும் கேட்டு வாங்கினாள். கப்பல் ஏறும் நாள்வரை நாங்கள் அந்தத் தெருமுனைக்குப் போவதை நிறுத்தவில்லை.

பினாங்குக்குத் திரும்பிய பிறகுதான் வேதனை. காலையில் கண் விழிக்கும்போதே நாக்கில் அந்தக் குழம்பு நிற்கும். இட்லியும் சாம்பாரும் சுண்ணாம்பு போல இருந்தன. மீன் இல்லாமல் அதைச் செய்ய முடியாதா என்று யோசித்தேன். கடலை மாவை வறுத்துக் கரைத்து, வாழைத்தண்டும் எலுமிச்சைப்புல்லும் போட்டுக் கொதிக்கவிட்டு, சீனன் கடையில் மீஹூன் என்று விற்கும் அரிசிச் சேமியாவில் ஊற்றினேன். ரங்கூன் ருசியில் பாதிகூட வரவில்லை. ஆனாலும் வீட்டில் எல்லோரும் விரும்பிச் சாப்பிட்டார்கள். மாமியார் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டு, "இது யார் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் ஓரகத்தி எழுந்தாள். நான் உளறிவிடுவேன் என்ற பயம் அவளுக்கு. தன் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"இதுக்கு மேலயும் மறைக்க எனக்கு மனசு வரல அத்தே. இவ ரங்கூன்ல தெருவுல உக்காந்து மீன் தின்னா. நான் எவ்வளவோ சொன்னேன், கேக்கல. அதத்தான் இங்க வந்து சமைச்சுப் போடுறா."

மாமியார் நேராக முற்றத்துக்கு ஓடி வாயில் விரலை விட்டு வாந்தி எடுத்தார். "அக்காவும் சாப்பிட்டாங்க" என்று நான் சொன்னேன். பழியைத் திருப்புகிறேன் என்று நினைத்து யாரும் அதை நம்பவில்லை. அவள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே என்னைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். என் கணவரைப் பார்த்தேன்.

"பெரியவங்க பேசும்போது நான் என்ன சொல்றது" என்றார் அவர்.

எனக்கு மஞ்சள் தண்ணீரில் தலைமுழுக்கு. கோமியம் குடிக்க வைத்தார்கள். அன்றிலிருந்து அடுப்படிக்குள் நான் போகக் கூடாது, சாமி விளக்கைத் தொடக் கூடாது. எனக்கென்று தனித் தட்டு, தனி லோட்டா. முற்றத்து ஓரத்தில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சோற்றை எனக்குப் போடுகிறவள் ஓரகத்தி. கை படாமல் மேலேயிருந்து போடுவாள். ஒவ்வொரு பருக்கையும் தட்டில் விழும்போது இவளை விடக் கூடாது என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். அழுததாக நினைவில்லை. கோபத்தில் எனக்கு அழுகை வராது.

அடுப்படி வேலை இல்லாததால் மத்தியானங்களில் நான் சும்மா இருந்தேன். பின்பக்க ஜன்னலில் நின்றால் கொல்லைச் சந்து தெரியும். அந்தச் சந்து வழியாக ஒரு கிழட்டுச் சீனன் தோளில் காவடித் தண்டு போலக் கம்பு தூக்கி லக்சா விற்றுக்கொண்டு போவான். மீன் குழம்பு, அரிசிச் சேமியா, எலுமிச்சைப்புல். ரங்கூன் குழம்பைவிடப் புளிப்பு அதிகம். ஆனால் தூரத்திலிருந்து வரும் வாசனைக்கு இரண்டும் அக்காள் தங்கை. முதல் நாள் அந்த வாசனையில் எனக்கு எச்சில் ஊறியது. மறுநாள் எதேச்சையாகக் கீழே பார்த்தேன். கொல்லைக் கதவின் இடுக்கில் ஓரகத்தி கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்து நின்றிருந்தாள்.

எனக்கு வழி தெரிந்துவிட்டது.

அடுத்த தடவை அவன் வந்தபோது நான் கீழே இறங்கிப் போனேன். ஆப்பேக் என்றுதான் அந்த வயதுச் சீனர்களை எல்லோரும் கூப்பிடுவார்கள். "ஆப்பேக், வெயில்ல ஏன் அலையிற? எங்க கொல்லைச் சுவர் நிழல்ல உக்காரு. கிண்ணம் கழுவக் குழாய்த் தண்ணி புடிச்சுக்க" என்று மலாயில் சொன்னேன். அவன் கும்பிடாத குறை. மறுநாளிலிருந்து எங்கள் கொல்லைக் கதவுக்கு வெளியே அவன் பானை கொதித்தது. வீடு முழுக்க லக்சா வாசனை.

மாமியார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அவனை வெரட்டுங்க" என்றார்.

"பாவம் வயசானவன் அத்தே. இருந்துட்டுப் போகட்டும்லா" என்றாள் ஓரகத்தி. எறும்புக்குக்கூட இரக்கம் காட்டாதவள்.

நான் முற்றத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சிரிப்பை அடக்கியதில் விலா வலித்தது.

முதலில் அப்பளம் காயவைக்கிறேன் என்று கொல்லைக்குப் போனாள். பிறகு குப்பை கொட்ட. அப்புறம் காரணம் சொல்வதையே விட்டுவிட்டாள். மாமியார் மத்தியானம் கண் அசந்ததும் கதவுத் தாழ்ப்பாள் சத்தமில்லாமல் நகரும். குளியலறைச் சுவருக்கும் விறகு அடுக்குக்கும் நடுவே குந்தி உட்கார்ந்து, குனிந்து, அவசர அவசரமாகத் தின்பாள். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கும்தான் நாக்கு துடித்தது. ஒரு வாய்கூட நான் வாங்கவில்லை. என்னை யாரும் எதற்கும் கைகாட்டக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். அவளுக்கு அந்தப் பழக்கம் நன்றாக ஊறட்டும் என்று விட்டுவைத்தேன்.

தைப்பூசம் வந்தது. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுக்கும் பெண்களுக்கு அந்த வருஷம் ஓரகத்திதான் தலைமை. நெற்றி நிறைய திருநீறு, கழுத்தில் துளசிமணி, ஒருவேளைச் சாப்பாடு. பெண்கள் எங்கள் கூடத்தில் கூடி, பால்குடத்துக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தார்கள். விரதம் பற்றி அவள் நீளமாகப் பேசினாள். வாய் சுத்தமில்லாதவர்கள் மலை ஏறக் கூடாது என்று சொன்னபோது எல்லோரும் முற்றத்து ஓரத்தில் இருந்த என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு, நூல் எடுத்து வருகிறேன் என்று அவள் எழுந்து உள்ளே போனாள். கொஞ்சம் பொறுத்து நானும் எழுந்தேன்.

"அத்தே, கொல்லையில என்னமோ சத்தம் கேக்குது. பாலுக்கு வச்ச செம்பெல்லாம் அங்கதான் காயுது" என்றேன்.

செம்பு என்றதும் மாமியார் எழுந்தார். பின்னாலேயே நாலைந்து பெண்கள். கதவைத் தள்ளினார்கள். விறகுக்குப் பக்கத்தில் அவள். கையில் கிண்ணம், வாயிலிருந்து சேமியா தொங்கிக்கொண்டிருந்தது. துளசிமணியில் குழம்பு.

துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் விழித்தவள், ஒருவழியாக விழுங்கிவிட்டு என்னைக் காட்டினாள். "இவதான் அத்தே. இவ வாங்கி இங்க ஒளிச்சு வச்சிருந்தா. நான் கொட்டலாம்னு எடுத்தேன்."

அந்த நேரம் பார்த்துச் சந்திலிருந்து ஆப்பேக் எட்டிப் பார்த்தான். அத்தனை பெண்களைக் கண்டு அவன் தயங்கக்கூட இல்லை. அவளைப் பார்த்துச் சிரித்து, இன்னொரு கிண்ணத்தை நீட்டினான். "மாச்சாம் பியாசா" என்றான். வழக்கம்போல என்று அர்த்தம். மலாய் தெரியாத பெண் ஒருத்திகூட அங்கே இல்லை.

மாமியார் அவளை அடிக்கவில்லை. கழுத்துத் துளசிமணியைக் கழற்றச் சொன்னார். அவ்வளவுதான். அவள் அதைக் கழற்றுவதை நான் பக்கத்தில் நின்று, பார்வையை எடுக்காமல் பார்த்தேன். அந்த நிமிஷம் என் உடம்பில் ஓடிய குளிர்ச்சியை மலைமேல் அருவியில் குளித்தபோதுகூட நான் உணர்ந்ததில்லை.

பால்குடத் தலைமை வேறொருத்திக்குப் போனது. அவளுக்கும் தலைமுழுக்கு, தனித் தட்டு. துவைகல்லுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். அதற்காக என்னை அடுப்படிக்குள் அழைத்தார்கள் என்று நினைக்க வேண்டாம். சமையலுக்கு ஊரிலிருந்து ஒரு ஐயரை வரவழைத்தார்கள். நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளாமல் அவர் போட்டதைச் சாப்பிட்டோம்.

பிற்பாடு என் கணவர் துறைமுகத்துப் பக்கம் தனியாகக் கடை வைத்தார். நாங்களும் தனிக்குடித்தனம் போனோம். என் வீட்டில் என்னைக் கேட்க ஆளில்லை. லக்சாவை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தே சாப்பிட்டேன். அதில் ரங்கூன் தெருமுனை இல்லை என்பது எனக்குத் தெரியும். இருந்ததை வைத்து நாக்கை ஆற்றிக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் அவள் வந்தாள். கோயிலுக்கு வந்த வழியில் தாகம் எடுத்ததாம். மெலிந்திருந்தாள். தண்ணீர் கொடுத்தேன். குடித்த பிறகும் போகாமல் நின்றாள். என் லக்சாக் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"எங்க வாங்குன?" என்று கேட்டாள்.

"அந்தாளு போயிட்டான் அக்கா" என்றேன். லக்சாக்காரன் எதிர்ச்சாரி அஞ்சடி நடைபாதையில் உட்கார்ந்து கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தான். அவளுக்கும் அவன் தெரிந்தான்.

அவள் லோட்டாவைத் திண்டில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள். நான் கிண்ணத்தைச் சாய்த்து மிச்சக் குழம்பைக் குடித்தேன்.